பொம்மையின் வலது கை

நர்சிங் தொழிலில் ஊசி போடுகிறவர்கள் ஒரு ரகம், ஊசி போடுவது எப்படி என்று பாடம் நடத்துகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்குக் கால்வலி வரும், இரண்டாவது ரகத்துக்குப் பதவி உயர்வு வரும். தஞ்சாவூரை ஒட்டிய ஒரு நர்சிங் கல்லூரியில் இருபத்தாறு வருடம் நான் இரண்டாவது ரகமாக இருந்தேன். ஐம்பத்துமூன்றாவது வயதில் ரகம் மாறினேன். படித்து முடித்ததும் வேலையா, மேல்படிப்பா என்று முழித்தவர்கள், இப்போது முழித்துக்கொண்டிருப்பவர்கள், தப்பாக முடிவெடுத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்தான்.

அபிநயா கேட்டது

கார்த்திகை மாதம், வெளியே விடாத மழை. நான்காம் ஆண்டு மாணவி அபிநயா என் அறை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். குடவாசல் பக்கத்துப் பெண். வீட்டில் முதல் பட்டதாரி. எம்.எஸ்சி. சேர வேண்டுமானால் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சான்றிதழ் கேட்கிறார்கள். வேலை பார்க்காமலேயே அந்தக் காகிதத்தை வாங்கித் தர ஒருவர் தயாராக இருக்கிறாராம். "ஒரு வருஷம் மிச்சமாகும்ங்கிறாரு அப்பா. எனக்கு நிஜமாவே வார்டுல இருந்துட்டுப் போகலாம்னு தோணுது. நீங்க சொல்றதைக் கேக்கறேன் சார்" என்றாள்.

"நிஜமா வேலை பார்த்துட்டுப் போம்மா, அதுதான் அஸ்திவாரம்" என்று சொன்னேன். வருடத்துக்கு நான்கு பேருக்காவது சொல்கிற வாக்கியம்தான், வாய் தானாகச் சொன்னது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. குடையை விரித்துக்கொண்டு கிளம்பியவள் திரும்பி நின்று கேட்டாள்: "நீங்க எந்த வார்டுல இருந்தீங்கன்னு சொல்லுங்க சார். அதே வார்டு கேட்டு வாங்கிக்கறேன்."

அப்பா பஸ்ஸில் கொண்டுவந்த காகிதம்

நான் எந்த வார்டிலும் இருந்ததில்லை.

பி.எஸ்சி. முடித்த வருடம் எனக்கும் அதே காகிதம் தேவைப்பட்டது. அப்பாவுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் பத்துக் கட்டில் நர்சிங் ஹோம் வைத்திருந்தார். அப்பா காலை பஸ்ஸில் போய் மதிய பஸ்ஸில் திரும்பினார். சட்டைப் பையில் நான்காக மடித்த தாள். நான் அங்கே ஒரு வருடம் முழுமையாகப் பணியாற்றியதாகவும், நோயாளிகளிடம் கனிவாக நடந்துகொண்டதாகவும் அதில் தட்டச்சு செய்திருந்தது. அந்தக் கட்டடத்தை நான் பார்த்தது கூடக் கிடையாது. அதை வைத்து எம்.எஸ்சி. படித்தேன், எம்.எஸ்சி.யை வைத்து ஆசிரியர் ஆனேன். மாணவிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போவேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று அவர்கள் செய்வதற்கு மதிப்பெண் போடுவேன். யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை, அதுதான் என் அதிர்ஷ்டமும் வியாதியும்.

அன்று சாயங்காலம் மனைவி வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய அதிர்ச்சியை எதிர்பார்த்தேன். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடாமலேயே சொன்னாள்: "நம்ம பையனுக்கு மூணு நாள் ஊசி போடணும்னப்ப நீங்க நழுவினீங்க பாருங்க, அன்னைக்கே எனக்குத் தெரியும்."

தாளாளர் சொன்ன வழி

ஜூன் முதல் தேதி எனக்குத் துணை முதல்வர் பதவி என்று தாளாளர் முடிவு செய்திருந்தார். நான் போய்ச் சம்பளமில்லாத விடுப்பு கேட்டேன், ஏதாவது ஒரு வார்டில் நர்ஸாக வேலை பார்க்க வேண்டும் என்றேன். அவர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பழைய பெரிய பண்ணைக் குடும்பத்து மனிதர், எதையும் வயல் கணக்கில்தான் யோசிப்பார்.

"பொங்கல் கழிச்சுப் போங்க. மே முடிய விடுப்பு. ஜூன் ஒண்ணு வந்தா நாற்காலி உங்களுக்கு, வரலைன்னா வேற ஒருத்தருக்கு" என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். வாசல் வரை வந்தவர் தோளில் கை வைத்துச் சொன்னார்: "எல்லாரும் நாத்து விட்டு, நட்டு, அப்புறம் அறுப்பாங்க. அறுத்து முடிச்சுட்டு நாத்து விடப் போற ஆளை இப்பதான் சார் பாக்கறேன்."

பொண்ணு கேட்டு வந்தவர்

பொங்கல் கழிந்து நான் சேர்ந்தது, குடவாசல் பக்கம் நாற்பது கட்டில் போட்ட தனியார் ஆஸ்பத்திரி. பொது வார்டின் பொறுப்பு நர்ஸ் மெஹருன்னிசா, நாகூர்க்காரர். பதினேழு வருடத்துக்கு முன் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சு. அவரை நான் 'சிஸ்டர்' என்று கூப்பிட வேண்டும், அவர் என்னை 'பிரதர்' என்று கூப்பிட வேண்டும், அதுதான் வார்டு முறை. அவருக்கு 'சார்' தவிர வேறு வரவில்லை. திட்டும்போதுகூட சார்தான். "சார், அறிவில்லையா சார், கையுறையைப் போடுங்க சார்."

முதல் நாள் காலை எனக்கு இருந்த பரபரப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். விடிவதற்குள் குளித்துவிட்டேன். வெள்ளைச் சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டேன். முதல் நோயாளி அஞ்சலை அம்மாள், காய்ச்சல், இடுப்பில் ஓர் ஊசி. என் வகுப்பில் ஊசி போடுவதற்கு இருபத்தொரு படிகள் உண்டு. பெயர் சொல்ல வேண்டும், செய்யப்போவதை விளக்க வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும், பயத்தைப் போக்க வேண்டும். ஒன்றைக்கூட விடாமல் செய்தேன். ஏழாவது படியில் அந்த அம்மாள் திரும்பிப் படுத்து என் முகத்தைப் பார்த்தார். "ஏங்க, ஊசி போடப் போறீங்களா, இல்ல பொண்ணு கேட்டு வந்த மாதிரி பேசிக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

நரம்பு

எங்கள் கல்லூரிப் பயிற்சி அறையில் ஒரு பொம்மை படுத்திருக்கும். மாணவிகள் அதற்கு வைத்த பெயர் பாலு. பாலுவின் கையில் ரப்பர் நரம்பு ஓடும், அதற்குள் சிவப்புத் தண்ணீர். நரம்பு நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். மனிதர்களிடம் அந்த நாணயம் கிடையாது. நரம்பில் ஊசியை ஏற்றி மருந்துக்கு வழி செய்வதை 'லைன் போடுவது' என்பார்கள். முதல் மாதத்தில் நான் தொட்ட ஒரு லைன்கூட நிற்கவில்லை. குத்துவேன், நரம்பு நழுவும், மெஹர் சிஸ்டர் வந்து என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு ஒரே குத்தில் போட்டுவிட்டுப் போவார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதற்கு இந்த வயதில் இது என்று என்னையே கேட்டுக்கொண்டு வருவேன். பதில் வருவதற்குள் தஞ்சாவூர் வந்துவிடும்.

மாசிக் கடைசியில் உளுந்து பறிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் செல்லம்மா. தண்ணீர் வற்றிப் போன உடம்பு. காய்ப்பு ஏறிய தோலுக்குக் கீழே நரம்பு இருப்பதற்கான அறிகுறியே இல்லை. மெஹர் சிஸ்டர் வேறொரு கட்டிலில் இருந்தார். நான் கண்ணால் தேடுவதை விட்டுவிட்டேன். கையைத் தொங்கப் போட்டு, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போனேன். மணிக்கட்டுக்கு மேலே ஓரிடத்தில் விரலுக்குக் கீழே ஏதோ மெத்தென்று எழும்பி அமுங்கியது. குத்தினேன். ஊசியின் பின்பக்கம் சிவப்பாக ரத்தம் எட்டிப் பார்த்தது! லைன் நின்றுவிட்டது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கத்தியிருக்கிறேன் போல, வார்டே திரும்பிப் பார்த்தது. குளுக்கோஸ் சொட்டச் சொட்டச் செல்லம்மா கண்ணைத் திறந்து, பக்கத்தில் நின்ற மகளிடம் முனகினார்: "என் கையில அப்படி என்னத்தடி கண்டெடுத்தாரு இவரு, புதையலா?"

வடக்கே தலை

வார்டின் மேற்குச் சுவரை ஒட்டி நீளவாக்கில் நான்கு கட்டில்கள். தெற்கே தலைமாடு. அந்த நான்கில் படுப்பவர்களை மட்டும், லைன் போடும் நேரத்தில் திருப்பி, கால்மாட்டில் தலை வைக்கச் சொல்வதைக் கவனித்தேன். எல்லா நர்ஸும் சொல்வதில்லை. எங்கள் கல்லூரியில் படித்த இளம் பெண்கள் மட்டும்தான் சொன்னார்கள். நானும் யோசிக்காமல் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு வந்த ஒருவரைத் திருப்பிப் போடப் போனபோது அவருடைய மாமனார் எழுந்து குறுக்கே நின்றார். வடக்கே தலை வைக்க விடவே மாட்டேன் என்றார். சுவர்ப் பக்கம் மாட்டிக்கொண்டிருப்பது மாப்பிள்ளையின் இடது கை. வலது கை எனக்கு எதிரே, எட்டும் தூரத்தில், சும்மா கிடந்தது. அதில் போட எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் பாலுவின் வலது கை ஞாபகம் வந்தது. பதினோரு வருடத்துக்கு முன் அதன் உள்குழாய் வெடித்துத் தண்ணீர் ஒழுகியது. நான் அந்தக் கையில் துணி சுற்றி, 'வலது கை பழுது, தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். நோயாளி எழுதுகிற கைக்கு இடைஞ்சல் இல்லாமல் இடது கையை முதலில் பார்ப்பது பாடத்திலும் உள்ளதுதான். அந்தப் பாடத்துக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டேன். பதினோரு வருடத்து மாணவிகளும் இடது கையில் மட்டுமே பழகிவிட்டுப் போனார்கள். வலது கை என்றால் அவர்களுக்கு வராது. மற்றக் கல்லூரி நர்ஸுகள் அவர்களை 'இடது கை கோஷ்டி' என்று கூப்பிடுவதை நான் ஏதோ ஊர்க் கேலி என்று நினைத்திருந்தேன். கோஷ்டித் தலைவன் நான்தான்! இதையெல்லாம் நான் நின்று யோசித்துக்கொண்டிருக்க, மாமனார் என்னை விடுவதாக இல்லை: "ஏங்க, உசுரோட வந்த ஆளை வடக்கே தலை வச்சுப் படுக்கப் போட்டா, நீங்க என்ன முடிவுல இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?"

பம்புசெட்

சிரித்தீர்களா? நானும் வசந்தியிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வாரம் சிரிப்பு நின்றது.

முருகையன் என்பவர் கடும் காய்ச்சலில் அரை நினைவோடு வந்தார். முழுக்கைச் சட்டை. உடனே லைன் போடச் சொன்னார் டாக்டர். இப்போது எனக்குக் கை பழகிவிட்டது, ஒரு தெம்பு வேறு. கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன். பழக்கம். சட்டைக் கையைப் பாதி மடித்துவிட்டு ரப்பர் பட்டையை இறுக்கினேன். விரலை வைத்ததும் தோலுக்குக் கீழே ஏதோ தடதடவென்று அதிர்ந்தது, கொல்லையில் பம்புசெட் ஓடுகிற மாதிரி. என்ன இது என்று நான் நினைத்த அதே நேரம் வாசலில் பிளாஸ்க் விழுந்து உடைந்தது. அவர் மனைவி ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். "ஐயோ, அந்தக் கையை விடுங்க! அது டயாலிசிஸுக்கு ஆபரேஷன் பண்ணி வச்ச கை. அது அடைச்சுக்கிட்டா இவரை நான் எங்க கொண்டு போவேன்?"

பட்டையை அவிழ்த்தேன். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம் அப்படித்தான் அதிரும், அதிர்ந்தால்தான் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். தொட்டுப் பார்த்தேன், அதிர்வு அப்படியே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. கேஸ் தாளின் மேல் வரியிலேயே எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. மெஹர் சிஸ்டர் வலது கையில் லைன் போட்டார். இது எத்தனை வருடத்துப் பாடம்! டயாலிசிஸ் கையில் பட்டை கட்டாதே, ஊசி போடாதே என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! என் மாணவிகள் எங்கெங்கோ வேலை பார்க்கிறார்கள். அங்கெல்லாம் பிளாஸ்க்கோடு சரியான நேரத்துக்கு ஒரு மனைவி வருவாளா? டியூட்டி முடிந்து கிளம்பும்போது மெஹர் சிஸ்டர் தவறுகள் எழுதும் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து வைத்தார். திட்டவில்லை. "எழுதுங்க சார். தப்பை எழுதி வச்சாத்தான் தப்பு நிக்கும்னு நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க."

பத்து நிமிடம்

மே மாதக் கடைசியில் தாளாளர் போன் செய்தார். பாலுவின் கையைப் பற்றிச் சொல்லி, உடனே சரிசெய்ய வேண்டும் என்றேன். "ஜூன் ஒண்ணு வந்து நாற்காலில உக்காந்து கையெழுத்துப் போடுங்க. கை என்ன சார், ஆளையே புதுசா வாங்கிடலாம்" என்றார். நியாயமான பேச்சு. துணை முதல்வர் ஆனால் பொம்மை வாங்கலாம், மாணவிகளின் வார்டு நாட்களைக் கூட்டலாம், ஆசிரியர்களையும் வருடத்தில் ஒரு மாதம் வார்டுக்கு அனுப்பலாம். வார்டில் இருந்தால் ஒரு நாளைக்குப் பத்து லைன் போடலாம். எது பெரிது? மூன்று நாள் இதே யோசனை. பதவிக்குப் போவது கடமையா, அல்லது மறுபடியும் அப்பாவின் பஸ்ஸில் ஏறுவதா?

மெஹர் சிஸ்டரிடம் பொம்மையைப் பற்றிப் புலம்பினேன். அவர் மாத்திரை எண்ணிக்கொண்டே, "உள்ள ஓடுறது குழாய்தான சார்? குளுக்கோஸ் ஏத்துற குழாயை அளவா வெட்டிச் சொருகுங்க. இங்க தினமும் எதையாவது அப்படித்தான ஒப்பேத்தறோம்" என்றார். வார விடுமுறையன்று கல்லூரிக்குப் போனேன். நான் ஒட்டிய தாள் பழுத்துப்போய் அப்படியே இருந்தது. கிழித்தேன். துணியை அவிழ்த்து, வெடித்த குழாயை உருவிவிட்டுப் புதியதைச் சொருகினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சிவப்புத் தண்ணீரை ஊற்றினேன், விரல் நுனி வரை ஓடியது. செய்தி கேட்டு வந்து நின்ற தாளாளரிடம், ஜூனில் வர முடியாது, தை பிறந்து வருகிறேன், நாற்காலி இருந்தால் சரி, இல்லாவிட்டால் பழைய மேஜையே போதும் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். அவர் குனிந்து பாலுவின் கையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவுதானா? இதுக்கா சார் பதினோரு வருஷம்?"

சீனியர்

நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது, நல்ல மனிதர், வாழ்த்துச் சொன்னேன். ஆகஸ்டில் ஒரு காலை, குறுவைக் களையெடுப்புக்குப் போகும் பெண்கள் நிரம்பிய வேனிலிருந்து அபிநயா ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள். காகிதம் வாங்கவில்லை, எங்கள் வார்டிலேயே நர்ஸாகச் சேர்ந்திருக்கிறாள். நான் எந்த வார்டிலும் இருந்ததில்லை என்பதை அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். மருந்துத் தட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன், அவள் தட்டோடு அடுத்த கட்டிலுக்கு நடந்தாள்.

அன்று சுவரோரக் கட்டிலில் ஒருவருக்கு லைன் போட வேண்டியிருந்தது. அவளும் இடது கை கோஷ்டிதானே, நோயாளியைத் திருப்பிப் படுக்கச் சொல்ல வாயெடுத்தாள். நான் தடுத்து, முதலில் இரண்டு கையையும் தொட்டுப் பார்த்தேன், பிறகு வலது கையைப் பிடித்தேன். ஒரே குத்து, நின்றது. அவள் பணிப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருந்த சேர்ந்த தேதியையும் தன் தேதியையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு மெஹர் சிஸ்டரிடம் சத்தமாகச் சொன்னாள்: "ஏழு மாசம்தான் சிஸ்டர் என்னைவிட சீனியர், அதுக்கே இந்த அலட்டலா?"

இதை எழுதும் இன்றோடு எனக்கு எட்டு மாதம் முடிகிறது. அப்பா பஸ்ஸில் கொண்டுவந்த அந்தச் சான்றிதழ் உண்மையாவதற்கு இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி.